அடையாறு முகத்துவாரத்துப் பறவைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

புதுக்கரை_பிரபு | பிப்ரவரி 8, இரவு 9.50

வணக்கம். இத்தனை நாள் இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன்தான். எழுதுவது முதல் தடவை.

பட்டினப்பாக்கத்துக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. காலையில் சீனிவாசபுரம் தாண்டி, ஆறு கடலில் சேரும் மணல்திட்டு வரை நடப்பேன். போன ஞாயிறு அங்கே ஒரு பறவையைப் பார்த்தேன். மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு உடம்பு, செக்கச்சிவந்த கால். ஒரு காலைத்தான் ஊன்றியது. இன்னொன்றில் மீன்பிடிக்கும் தங்கூசி நரம்பு சுற்றியிருந்தது. அதன் நுனியில் மாட்டிய பிளாஸ்டிக் துண்டு சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்தது. பிடித்து எடுத்துவிடலாம் என்று கிட்டே போனேன். பறந்து இருபதடி தள்ளி உட்கார்ந்தது. மறுபடி போனேன், மறுபடி பறந்தது. நாலாவது தடவை ஆற்றைத் தாண்டி எதிர்க்கரைக்கே போய்விட்டது. எனக்கு முழங்கால் வரை சேறு மிச்சம்.

அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. தன்னார்வமாக ஏதாவது செய்யலாம் என்று தேடினால் கடற்கரையில் குப்பை பொறுக்கும் நிகழ்ச்சிகள்தான் கண்ணில் படுகின்றன. பறவைகளுக்கென்றே வேலை எதுவும் இல்லையா? ஐடி வேலை, ஞாயிறும் சில அதிகாலைகளும் கிடைக்கும். பைனாகுலர் இல்லை. காக்கா, குருவி, கொக்கு தவிர எதுவும் தெரியாது.

கொசு_உள்ளான் | பிப்ரவரி 8, இரவு 11.15

வாங்க பிரபு. நீங்கள் பார்த்தது பவளக்காலி. பெயரே அதன் காலை வைத்துத்தான். அதற்குத் தம்பி முறையில் பச்சைக்காலி என்று ஒன்று, கொஞ்சம் உயரம், அதுவும் அங்கேயே நிற்கும்.

பாவம் பார்த்துத்தான் கிட்டே போனீர்கள், தெரிகிறது. ஆனால் முதல் பாடமும் அதுதான். பறக்கத் தெம்புள்ள பறவையை ஒற்றை ஆளாகத் துரத்திப் பிடிக்க முடியாது. நாலு தடவை எழுப்பினால் அது காலையில் தின்றதெல்லாம் அந்த நாலு பறத்தலிலேயே தீர்ந்துபோகும். இவை குளிர்காலம் முழுக்க இங்கே சேற்றைக் குத்திக் குத்திக் கொழுப்பு சேர்ப்பது ஏப்ரலில் வடக்கே திரும்புவதற்குத்தான். என் புனைபெயருக்குச் சொந்தக்காரனான கொசு உள்ளான் இருபது முப்பது கிராம் எடை. ஒரு கைப்பிடி கடலைகூட அதைவிடக் கனக்கும். அது சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இந்தச் சாக்கடை நாறும் ஆற்றுக்கு வருகிறது. அதை ஒவ்வொரு தடவை கிளப்பிவிடும்போதும் அதன் பயணச் செலவில் நாம் கைவைக்கிறோம்.

அதனால் முதல் வேலை, உட்காருவது. கிண்டல் இல்லை. ஒரே இடத்தில், வாரம் ஒரு தடவை, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். எது எத்தனை என்று எண்ணி, பறவைக் கணக்கைப் பதியும் இ-பேர்டு இணையதளத்தில் போடுங்கள். தெரியாத பறவையை ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று போடலாம், ஒன்றும் குறைந்துவிடாது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஓடுகிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் இருக்கிறது. வனத்துறையின் ஈரநிலக் கணக்கெடுப்புக்கும் ஆள் கூப்பிடுவார்கள். அவை எல்லாம் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள். மற்ற நாட்களில் அந்த மணல்திட்டில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

பைனாகுலர் 8க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ.) என்று கேட்டு வாங்குங்கள். அதுவரை என்னுடைய பழையதைத் தருகிறேன். ஒரு பக்கம் கொஞ்சம் மங்கல்.

ஆமைநடை_மீனா | பிப்ரவரி 9, காலை 6.05

இப்போதுதான் நடை முடிந்து வந்தேன், தூங்குமுன் ஒரு வரி. பறவைக்கு ஆள் கேட்டு இழை போட்டால் ஆமைக்கும் ஆள் பிடிப்பதே என் தொழில்.

இது பங்குனி ஆமை முட்டையிடும் பருவம், ஜனவரியிலிருந்து மார்ச் வரை. சென்னையில் இந்த இரவு நடையை 1970களிலேயே பாம்புப் பண்ணைக்காரர்கள் தொடங்கினார்கள். 1988இலிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு விடாமல் நடத்துகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடை. வார இறுதியில் பொதுமக்களையும் கூட்டிப்போவார்கள். டார்ச் அடிக்கக்கூடாது, செருப்பு கையில். மணலில் டிராக்டர் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து ஏறி மறுபடி இறங்கும். அது வளையும் இடத்தில்தான் குழி. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குச்சியை மெல்ல ஊன்றிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் மட்டும் மணல் ‘பொதுக்’ என்று உள்வாங்கும். அங்கே படுத்துக்கொண்டு தோள்வரை கைவிட்டால் விரல் நுனியில் ஈரமாக, பிங்பாங் பந்து மாதிரி. நூறுக்கு மேலே இருக்கும். அத்தனையையும் எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், பானை வயிறு மாதிரி குழி தோண்டி வைக்கிறோம். நாற்பத்தைந்து நாளிலிருந்து மேலே எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஒன்று முக்கியம். இதை யாரும் தனியாகச் செய்யக்கூடாது. கடலாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு முட்டையை எடுத்தாலும் குற்றம் குற்றம்தான். வனத்துறை அனுமதி உள்ள குழுவோடு மட்டும் போங்கள்.

உரூர்க்காரி | பிப்ரவரி 9, மதியம் 1.30

எல்லாம் சரி. நான் உரூர் ஆல்காட் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள், அப்பா ஃபைபர் போட் வைத்திருக்கிறார். இந்த மாதிரி இழை எங்கே பார்த்தாலும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மறைக்க விரும்பவில்லை.

முகத்துவாரத்துக்கு வருகிற தன்னார்வலர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். ஒரே நிற டி-ஷர்ட், ஒரு பேனர், ஒரு குரூப் போட்டோ. எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள், எங்களிடம் வழி மட்டும்தான் கேட்பார்கள். 2025 ஜனவரியில் இந்தக் கரையோரம் ஆயிரத்துக்கு மேல் ஆமை செத்து ஒதுங்கியது. அப்போது கேமரா முதலில் எங்கள் வலையைத்தான் பார்த்தது. கரையிலிருந்து ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு இழுவலை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அது மீறப்படுகிறது என்று வருஷக்கணக்காகக் கத்துகிறவர்கள் எங்களை மாதிரிச் சின்ன போட்காரர்கள். ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், மணிக்கணக்கில் இழுக்கும் வலையின் மடியில் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். எங்களுக்கும் அந்த இழுவலையால் மீன் போகிறது.

அப்புறம் முகத்துவாரம். மணல் மூடினால் ஆறு நின்றுபோகும், தண்ணீர் கறுக்கும், மடவையும் இறாலும் உள்ளே ஏறாது. மீன் ஏறாத இடத்தில் உங்கள் பறவை என்ன தின்னும்? என் அப்பா திட்டு உடைபட்ட மறுநாளே சொல்லிவிடுவார், “நாளைக்குக் கொக்கு வரும் பாரு” என்று. அவரிடம் கணக்கு நோட்டுக் கிடையாது. ஆனால் நாற்பது வருஷமாக வாரம் ஏழு நாள் பார்க்கிறார்.

பிரபு அண்ணா, உங்களைத் திட்டவில்லை. அந்தத் தங்கூசி எங்கள் பக்கத்திலிருந்தும் வந்திருக்கலாம். அதைப் பற்றிப் பேச வந்தால் பேசுவோம்.

கொசு_உள்ளான் | பிப்ரவரி 9, மாலை 7.20

உரூர்க்காரி சொன்னதில் ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். முகத்துவாரம் பற்றி மட்டும் ஒரு சேர்க்கை.

சென்னைக் கடலில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர் அளவுதான், குஜராத் பக்கம் மாதிரி மைல்கணக்கில் சேறு திறக்காது. நமக்குக் கிடைப்பது ஒரு ஓரம். மணல் கரையோரமாகவே தெற்கிலிருந்து வடக்கே ஊர்கிற கடற்கரை இது. துறைமுகச் சுவர் அந்த மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகலமாயிற்று, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அதே மணல் கோடையில் அடையாற்றின் வாயையும் அடைக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் உடைக்கும், இல்லையென்றால் பொக்லைன் உடைக்கும். வாய் மூடியிருந்தால் உள்ளே நீர் ஒரே மட்டத்தில் நிற்கும், சேறு வெளியே வராது, உள்ளானுக்குச் சாப்பாட்டு மேசையே தண்ணீருக்கடியில். வாய் திறந்தால்தான் ஆறு மூச்சுவிடும். ஆகவே மீன்காரருக்கு வேண்டியதும் உள்ளானுக்கு வேண்டியதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான்.

ஞாயிறு_குழு | பிப்ரவரி 10, காலை 10.00

குப்பை பொறுக்குகிறவர்களை இவ்வளவு இளக்காரமாகப் பேசுவது நியாயமா? நான் மூன்று வருஷமாக அப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். நாங்கள் எடுத்த வலைத்துண்டும் தங்கூசியும் எத்தனை மூட்டை தெரியுமா? பிரபு பார்த்த பறவையின் காலில் இருந்ததும் குப்பைதானே. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்து எண்ணுவதைவிட அது மேல் இல்லையா?

கொசு_உள்ளான் | பிப்ரவரி 10, காலை 10.40

இளக்காரம் இல்லை. தங்கூசி எடுப்பது நல்ல வேலைதான். எப்போது, எங்கே, எதைக்கொண்டு என்பதில்தான் சண்டை.

சில வருஷம் முன்பு மே மாதம், இங்கிருந்து தெற்கே ஒரு கழிமுகம். ஒரு அமைப்பு, பெயர் வேண்டாம், இருநூறு பேரையும் மணல் சலிக்கும் டிராக்டர் ஒன்றையும் கூட்டி வந்தது. நானும் கையுறை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். திட்டின் மேட்டில் ஆள்காட்டி ஒன்று தலைக்குமேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த பையன், “இதுக்கு என்ன சார் கோபம்?” என்றான். நான் சிரித்துவிட்டு மூட்டையைக் கட்டினேன். அரைமணி கழித்து அந்த மேட்டுக்குப் போனபோது டிராக்டர் சக்கரத் தடத்துக்குள் மஞ்சள் கரு காய்ந்துகொண்டிருந்தது. நாலு முட்டை. கூர்முனை எல்லாம் நடுவைப் பார்த்து, பூ மாதிரி அடுக்கி வைத்திருக்கும். மூன்று நசுங்கிவிட்டது, ஒன்று முழுசாக இருந்தது. கூழாங்கல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஆளைக் கண்டால் கத்திக் காட்டிக்கொடுப்பதால்தான் அதற்கு ஆள்காட்டி என்று பெயர். அன்றைக்கு அது எங்களைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது, யாருக்கும் காது இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்போதே பதினைந்து வருஷமாகப் பறவை பார்க்கிறவன் நான்.

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மணல்மேட்டில் இயந்திரம் வேண்டாம். கையால், நீரோரமாக, பத்துப் பேர். அடும்புக் கொடி படர்ந்த இடத்தில் காலே வைக்க வேண்டாம். அதுதான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது, அதையும் களை என்று பிடுங்குகிறார்கள்.

ஞாயிறு_குழு | பிப்ரவரி 10, மதியம் 12.15

சரி. கோடையில் நீரோரம் மட்டும் என்று எங்கள் வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறேன். இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள், ஹா ஹா.

பைரவன்_பாட்டி | பிப்ரவரி 11, காலை 8.30

தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, கடைசியில் நாயிடம்தான் வந்து நிற்பீர்கள் என்று. இன்னும் வரவில்லை, அதனால் நானே வருகிறேன். உடைந்த பாலம் பக்கம் ஒன்பது நாய்களுக்குச் சோறு வைக்கிறேன், எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்தாயிற்று. அவற்றை அடித்து விரட்டச் சொன்னால் நான் இங்கேயே சண்டைக்கு நிற்பேன்.

கொசு_உள்ளான் | பிப்ரவரி 11, காலை 9.10

அம்மா, அடிக்கச் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு கேள்வி. சோற்றை எங்கே வைக்கிறீர்கள்?

பைரவன்_பாட்டி | பிப்ரவரி 11, காலை 9.25

பாலத்துக்கு அந்தப் பக்கம், மணலில். ரோட்டில் வைத்தால் வண்டி அடிக்கும்.

உரூர்க்காரி | பிப்ரவரி 11, மாலை 5.00

பாட்டி, எங்கள் தெரு முனையில் பழைய வலைக்கூடம் இருக்கிறது. சுவர் ஓரம், வண்டி வராது. அங்கே வையுங்கள், நாங்கள் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம். தட்டு இருக்கும் இடத்தில்தான் நாய் படுக்கும். மணலில் தட்டு இருந்தால் முட்டையும் ஆமைக்குஞ்சும் அதற்குப் பக்கத்து இலை.

ஆமைநடை_மீனா | பிப்ரவரி 11, இரவு 10.30

பக்கத்து இலை! இதை எங்கள் நடையில் சொல்லப்போகிறேன்.

முனைக்காரன் | பிப்ரவரி 13, இரவு 8.00

நான் ராமேஸ்வரம். சென்னைக்காரர்கள் பேசும்போது இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும்.

2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபிறகு தனுஷ்கோடி மணலின் கதை மாறிவிட்டது. முன்பு வேனில் குலுங்கிக்கொண்டு நாலு பேர் வருவார்கள், இப்போது திருவிழாக் கூட்டம். பூநாரை வரும் ஆழமில்லாத நீர்ப்பரப்பை அரசு 2025 ஜூனில் சரணாலயமாக அறிவித்தது, நல்லது. பூநாரையைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். ரோஜா நிறத்தில் நாலடி உயரத்தில் நின்றால் யார்தான் வரமாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது காலடியில் இருப்பதை. சிட்டுக்குருவி அளவில் ஓர் உப்புக்கொத்தி எங்கள் மணலில் இருக்கிறது. வலசை வருவதில்லை, இங்கேயே இருந்து இங்கேயே முட்டையிடும். 1887இல் இதைத் தனிப்பறவை என்று எழுதினார்கள். 1930களில் வெளிநாட்டு உப்புக்கொத்தியோடு சேர்த்துவிட்டார்கள். 2023இல் மரபணுவும் அளவுகளும் பார்த்துவிட்டு மறுபடி தனி இனம் என்று சொல்லிவிட்டார்கள். அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர், ராமர் பாலம் இருக்கும் கடல் என்பதால். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இதற்கு வேறு வீடு கிடையாது.

கூடு என்று ஒன்றும் இல்லை. மணலில் நெஞ்சால் அழுத்திய ஒரு பள்ளம், ஓரத்தில் நாலு சிப்பித் துண்டு, உள்ளே இரண்டு மூன்று முட்டை. ஒருநாள் பதினொரு மணி வெயிலில் படகு மறைவில் உட்கார்ந்து பார்த்தேன். மணல் காலைச் சுடுகிறது. பறவை முட்டைமேல் உட்காரவில்லை, நின்றுகொண்டு நிழல் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் ஓடிப்போய் நீரோரத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பி வந்து முட்டைமேல் படுத்தது. மறுபடி எழுந்து ஓட்டம். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை என்று எண்ணவே விட்டுப்போயிற்று. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுக்க ஆரம்பித்தது. பறவை இறக்கை ஒடிந்த மாதிரி தரையில் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. குழந்தைகள் “ஐயோ அடிபட்டுடுச்சு” என்று பின்னாடியே ஓடின. அது போட்ட நாடகம் பலித்தது. ஆனால் அவர்கள் அங்கே நின்ற இருபது நிமிஷமும் முட்டை வெயிலில் வெந்தது.

நான் அங்கே செய்யும் தொண்டு என்று சொன்னால், வேன் ஓட்டுகிற நண்பர்களிடம் பேசியிருக்கிறேன், பழைய தடத்திலேயே ஓட்டுங்கள் என்று. அவ்வளவுதான். கூட்டின் படத்தை யார் கேட்டாலும் தரமாட்டேன். படம் போனால் ஆள் வரும், ஆள் நின்ற இடத்துக்குக் காக்கா வரும்.

மன்னார்ப்_பொடியன் | பிப்ரவரி 14, காலை 7.45

அண்ணை, நீங்கள் சொல்லும் அதே குருவி இக்கரையிலும் இருக்கிறது. மன்னார்த் தீவுக்கு ஏறும் பாலத்தடியில் இருந்து வங்காலைச் சரணாலயம் தொடங்கும், 2010இல் ராம்சார் இடமாக்கினவை, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று. வெளியிலிருந்து வருகிற ஆட்கள் எல்லாரும் பூநாரையும் மூக்கான்களும் தேடித்தான் வருவினம். இந்தக் குருவியைக் கேட்டு வந்தவர்கள் 2023க்குப் பிறகுதான் கனக்க.

எங்களுக்கு இன்னொரு தலையிடி. 2020இல் தீவின் கரையோரம் காற்றாலை வரிசையாக வந்தது. பிறகு இன்னும் கட்டப் போகிறார்கள் என்று சனம் எதிர்த்து நின்றது. மின்சாரம் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, பறவை இறங்குகிற பாதைக்குள்ளேயே ஏன் நடவேண்டும் என்றுதான் கேட்கிறோம். நானும் இரண்டு சிநேகிதர்களும் கோபுரத்தடியில் விழுந்து கிடக்கிறவற்றை மாதத்தில் இரண்டு தரம் நடந்து பார்க்கிறோம். இதையும் தொண்டு என்றால் தொண்டு. செத்ததை எண்ணுகிற தொண்டு.

முனைக்காரன் | பிப்ரவரி 14, காலை 8.10

தம்பி, தெளிவான நாளில் எங்கள் முனையிலிருந்து பார்த்தால் முதல் மணல்திட்டுகள் தெரியும். ஆலாக் கடற்பறவைகள் முட்டையிடும் திட்டுகள் உங்கள் பக்கம். குருவிக்கு விசா இல்லை, நமக்குத்தான்.

எண்ணூர்_ராஜி | பிப்ரவரி 16, இரவு 9.00

ஓர் எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது நான் வாளியோடு போனவள். கல்லூரிப் பிள்ளைகள், தீயணைப்பு வீரர்கள், மீனவர்கள், எல்லோரும் கையால் அள்ளினோம். பல பேருக்குச் சரியான கையுறைகூட இல்லை. வாரக்கணக்கில் தலைவலி, கையில் தோல் உரிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் மறுபடி கழிக்குள் வந்தது. கூழைக்கடாவின் வெள்ளை நெஞ்சு தார் பூசின மாதிரி இருந்தது. பிடித்து ஷாம்பு போட்டுக் கழுவலாம் என்று கிளம்பினவர்கள் உண்டு. செய்யாதீர்கள். எண்ணெய் பட்ட பறவை குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும், தன் இறகைத் தானே கோதி எண்ணெயை விழுங்கியிருக்கும். முதலில் அதற்குச் சூடு வேண்டும், அமைதி வேண்டும். கழுவுவது பயிற்சி உள்ளவர் கையில், வெதுவெதுப்பான நீரில் நடக்க வேண்டிய வேலை. அட்டைப் பெட்டி, பழைய துண்டு, வனத்துறைக்கு ஒரு போன். நம் பங்கு அதோடு முடிகிறது.

காலில் தங்கூசி சுற்றிய பறவைக்கும் இதேதான் பிரபு. பறக்க முடியாமல் படுத்துவிட்டால் துண்டைத் தலைக்குமேல் போட்டு மூடுங்கள், இருட்டானால் துடிப்பு அடங்கும். நரம்பை இழுக்காதீர்கள், சதைக்குள் வெட்டிப் போயிருக்கும். சின்னக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும்.

புதுக்கரை_பிரபு | மார்ச் 22, இரவு 10.10

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சாக்கு சொல்லாமல் இருந்தது இதுவரை ஆறு வாரம், அதனால் எழுதுகிறேன்.

கொசு உள்ளான் சாரின் பைனாகுலர் உண்மையிலேயே ஒரு பக்கம் மங்கல்தான். முதல் வாரம் என் நோட்டில் ‘பழுப்பு சின்னது 30, பழுப்பு பெரியது 6, வெள்ளை 11’ என்று இருக்கிறது. நாலாவது வாரத்தில் பச்சைக்காலி, பொறி உள்ளான், நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா என்று எழுதியிருக்கிறேன். பொறி உள்ளானும் சாதா உள்ளானும் இன்னும் குழப்பம்.

உரூர்க்காரி வீட்டுக்கும் போனேன். அவர் அப்பாவிடம் தங்கூசியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து வலை பின்னும் இடத்தில் வைத்தார். “வெட்டினது இதுல போடுங்கடா” என்று பையன்களிடம் சொன்னார். இப்போது ஞாயிறு தோறும் அந்த டப்பாவைக் காலி செய்வது ஞாயிறு_குழு. பேனர் இல்லை.

ஆமை நடைக்கும் ஒரு இரவு போனேன். ஒரு கூடுகூடக் கிடைக்கவில்லை. செத்த ஆமை இரண்டு. மீனா அவற்றையும் நாடாவால் அளந்து எழுதிக்கொண்டார்.

புதுக்கரை_பிரபு | மே 17, காலை 9.30

அவசரம். மணல்திட்டின் மேட்டில் ஆள்காட்டி கத்துகிறது. நான் அங்கேயே நின்றுவிட்டேன், பைனாகுலரில் தேடி அரைமணி கழித்துத்தான் கூடு கண்ணில் பட்டது. நாலு முட்டை. பிரச்சினை என்னவென்றால், வாய் உடைக்கப் பொக்லைன் வந்திருக்கிறது, அள்ளின மணலை லாரி இதே மேட்டுப்பக்கம்தான் கொட்டுகிறது. வனத்துறைக்குப் போன் செய்தேன், குறித்துக்கொண்டார்கள், திங்கட்கிழமை என்கிறார்கள். சுற்றிக் கயிறு கட்டலாமா?

கொசு_உள்ளான் | மே 17, காலை 9.36

கயிறு கட்டாதீர்கள், எல்லோரும் என்னவென்று பார்க்க வருவார்கள். அங்கேயே தள்ளி நில்லுங்கள், நான் கிளம்பிவிட்டேன்.

உரூர்க்காரி | மே 17, காலை 9.41

லாரிக்காரர் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். போட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்கு வருகிறார்.

புதுக்கரை_பிரபு | மே 17, இரவு 9.00

நடந்தது இதுதான். உரூர்க்காரி அப்பா வந்தார், லாரி டிரைவரிடம் பீடி பற்றவைத்துக்கொண்டு என்னமோ பேசினார். என் பக்கம் கை காட்டி இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் டிரைவர் இறங்கிவந்து, “எது வரைக்கும்ணு காட்டுங்க சார்” என்றார். காட்டினேன். அவரே வண்டியிலிருந்து ஒரு பழைய டயரை உருட்டிவந்து முப்பதடி தள்ளிப் போட்டு, அதுக்கு இந்தப் பக்கம் கொட்ட மாட்டேன் என்றார். மாலைவரை நின்றேன், கொட்டவில்லை. கடற்கரையில் ஒரு டயர் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கொசு உள்ளான் சாருக்கு ஒரே சந்தோஷம்.

பைரவன்_பாட்டி | மே 18, காலை 7.00

வலைக்கூடத்தில் ஒன்பதும் சாப்பிட்டுப் படுத்திருக்கின்றன. எண்ணிவிட்டேன். மேட்டுப்பக்கம் எதுவும் போகவில்லை.

புதுக்கரை_பிரபு | ஜூன் 9, காலை 8.20

இன்று கூடு காலி. முதலில் வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் தாய் கத்திய கத்தில் பார்வையைத் திருப்பினால், டயரின் நிழலுக்குள் நீளக்காலோடு மூன்று பஞ்சு உருண்டைகள். நாலாவதைக் காணவில்லை. ஒரு முட்டை ஓட்டுத் துண்டு மட்டும் கிடக்கிறது, பொரிந்ததா, காக்கா எடுத்ததா தெரியவில்லை.

கொசு_உள்ளான் | ஜூன் 9, காலை 8.31

மூன்று என்று எழுதுங்கள். டயரை இப்போதைக்கு எடுக்க வேண்டாம். ஞாயிறு_குழு, கவனிக்கவும்.

ஞாயிறு_குழு | ஜூன் 9, காலை 8.50

கையே வைக்க மாட்டோம் சார்.

புதுக்கரை_பிரபு | ஆகஸ்ட் 23, காலை 7.05

பவளக்காலி ஒன்று வந்திறங்கியிருக்கிறது, இந்தப் பருவத்தில் நான் பார்க்கும் முதலாவது. இரண்டு காலையும் ஊன்றித்தான் நிற்கிறது. ஒரு காலில் கணுவுக்குமேல் தழும்பு மாதிரி ஏதோ தெரிகிறது, அல்லது சேறாக இருக்கலாம். பழைய பைனாகுலர், மங்கல் பக்கம். அதுதானா இது? இன்னும் பத்தடி கிட்டே போனால் தெரிந்துவிடும்.

கொசு_உள்ளான் | ஆகஸ்ட் 23, காலை 7.09

போகாதீர்கள். பவளக்காலி 1 என்று போடுங்கள்.